க்ரக்கா, பாக்ஸ் ஃப்ரேமா? இங்கிலாந்து பழைய மர வீடுகள்ல எது பெஸ்ட்

இங்கிலாந்து கிராமத்து வீடுன்னாலே கறுப்பு மரச்சட்டம், நடுவுல வெள்ளைச் சுவர், இதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அந்தக் கறுப்புப் பெயிண்டே பெரும்பாலும் விக்டோரியா காலத்து ஃபேஷன்தான், அதுக்கு முன்னாடி பல ஊர்ல ஓக் மரத்தை அப்படியே சாம்பல் நிறமாக விட்டுடுவாங்க, இல்லன்னா சுவரோட சேத்து சுண்ணாம்பு அடிச்சுடுவாங்க. அதனால கலரை விட்டுட்டு, கூரை வெயிட்டை யாரு தாங்குறாங்கன்னு பாருங்க. அங்கதான் ரெண்டு கட்சி.

க்ரக்னா, இயற்கையாவே வளைஞ்சு வளர்ந்த ஓக் மரத்தைத் தேடிப் பிடிச்சு, நீளவாக்குல ரெண்டா பிளந்து, அந்த ஜோடியைத் தரையிலிருந்து கூரை உச்சி வரைக்கும் எதிரெதிரா சாய்ச்சு நிறுத்துறது. மொத்த பாரமும் அந்த ஜோடிகள் வழியா தரைக்கு இறங்கிடும், சுவர் சும்மா மறைப்பு மட்டும்தான். பாக்ஸ் ஃப்ரேம்ல நேரான தூண், குறுக்குச் சட்டம்னு பெட்டி மாதிரி கட்டி, அதுக்கு மேல கூரையை உக்கார வைப்பாங்க, அதாவது சுவரோட சட்டமே பாரத்தைச் சுமக்கும். க்ரக் மேற்கு, வடக்கு பக்கம் நிறைய இருக்கு, கிழக்குல நார்ஃபோக், சஃபோக் பக்கம் போனா கண்லயே படாது.

ரெண்டையும் ஒரே இடத்துல பாக்கணும்னா ஷேக்ஸ்பியரோட மாமியார் வீட்டுக்குப் போகணும். ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கத்துல ஷாட்டரில இருக்குற, அவரோட மனைவி ஆன் ஹாத்தவே பேர்ல உள்ள காட்டேஜ்ல, தாழ்வான பகுதி 1460கள்ல கட்டின க்ரக், உயரமான பகுதி 17ஆம் நூற்றாண்டுல ஆனோட அண்ணன் தம்பில ஒருத்தரான பார்த்தலோமியூ சேத்தது. பழைய பகுதில மாடி ரூமுக்குள்ளயே அந்த வளைஞ்ச மரம் சாய்வா ஏறிப் போகும். பாக்க அழகுதான், ஆனா கட்டில் எங்க போடுறது, பீரோ எங்க வைக்கிறது? க்ரக்கோட பெரிய மைனஸே இதுதான், மரம் எவ்ளோ நீளமோ அவ்ளோதான் வீட்டோட அகலமும் உயரமும்.

பாக்ஸ் ஃப்ரேம்ல அந்தத் தலைவலி இல்ல. சின்னச் சின்ன நேர் மரம் போதும், முழு மாடி கிடைக்கும், மாடியைத் தெருப்பக்கம் கொஞ்சம் வெளிய நீட்டிக்கவும் செய்யலாம். எனக்கு ரொம்ப பிடிச்சது ஜாயிண்ட் போடுற விதம். பச்சை ஓக்கைத் தச்சர் அவர் இடத்துலயே அறுத்து, தரையில படுக்க வச்சு மாட்டிப் பாத்துட்டு, ரோமன் எண் மாதிரி உளியால கீறி நம்பர் போட்டு, கழட்டி வண்டியில கொண்டு வந்து நிறுத்துவாங்க. ரெண்டு மரத்துலயும் ஆணித் துளையை வேணும்னே கொஞ்சம் தள்ளிப் போடுவாங்க, ஓக் மர ஆணியை அடிச்சு இறக்கும்போது ஜாயிண்ட் தானா இழுத்துக்கிட்டு இறுகிடும். இரும்பு ஆணியே வேண்டாம். இப்படி மாட்டின வீட்டைக் கழட்டித் திரும்ப மாட்டவும் முடியும்: கென்ட்ல நீர்த்தேக்கம் கட்டுறதுக்காக 1960கள்ல பிரிச்ச பேலீஃப்ங்கற பழைய பண்ணை வீடு, இப்போ சசெக்ஸ் மியூசியத்துல திரும்ப நிக்குது.

ஆனா நீடிச்சு நிக்கிற விஷயத்துல க்ரக்குக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தே ஆகணும். பாக்ஸ் ஃப்ரேம்ல தரையை ஒட்டின அடிச்சட்டம் ஈரத்துல இத்துப்போனா தூண் இறங்கும், அதோட கூரையும் ஆட்டம் கண்டுடும். க்ரக்ல சுவர் போனாலும் கூரை நிக்கும், அதனாலதான் நிறைய பேர் மண் சுவரை எடுத்துட்டு செங்கல் சுவர் வச்சுக்கிட்டாங்க, வெளியிலிருந்து பாத்தா சாதா செங்கல் வீடு, உள்ள போனா 500 வருஷத்து மரம்.

குடியிருக்கன்னா என் ஓட்டு பாக்ஸ் ஃப்ரேமுக்குத்தான். க்ரக்கை ரசிக்கலாம், தினமும் தலையில இடிச்சுக்கிட்டு வாழ முடியாது.

எதை வாங்கினாலும் முதல்ல சுவர்ப்பூச்சைத் தட்டிப் பாருங்க. குச்சிப் பின்னல் மேல களிமண்ணு, வைக்கோல், சாணி கலந்து அப்பி சுண்ணாம்பு பூசினது ஈரத்தை உள்ள இழுத்து வெளிய விட்டுடும், மரம் தப்பிச்சுடும். 20ஆம் நூற்றாண்டுல யாராவது ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு சிமெண்ட் பூசியிருந்தா தண்ணி உள்ளயே மாட்டிக்கிட்டு சட்டத்தை அரிச்சிருக்கும், விலை பேசுறதுக்கு முன்னாடி அதைச் சரிபண்ற செலவைக் கேட்டுக்கோங்க.