சேஃப்டிக்கு எது முக்கியம்: காலா, கண்ணா?

அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பணியின் கடைசி ஆள் சேஃப்டி. அவரையும் தாண்டிவிட்டால் பெரும்பாலும் டச்டவுன்தான், அதாவது எதிரணிக்குப் புள்ளி. அதனால் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கினாலே பழைய சண்டை கிளம்பிவிடும்: காற்றாய்ப் பறப்பவரை எடுப்பதா, பந்து எங்கே வரும் என்று முன்பே மோப்பம் பிடிப்பவரை எடுப்பதா?

2010 டிராஃப்டைப் போல இதற்குப் பொருத்தமான கதை எனக்குத் தெரிந்து வேறில்லை. யு.எஸ்.சி. பல்கலைக்கழகத்தின் டெய்லர் மேஸ் ஏறக்குறைய 230 பவுண்டு எடையோடு 40 யார்டை 4.43 நொடியில் ஓடினார். அந்த உடம்புக்கு அது மிரட்டலான வேகம். கல்லூரியில் அவருடைய பயிற்சியாளராக இருந்த பீட் கேரல் அப்போதுதான் சியாட்டில் சீஹாக்ஸுக்கு வந்திருந்தார். மேஸின் பலமும் பலவீனமும் அவருக்கு அத்துப்படி. ஆனால் 14வது இடத்தில் அவர் எடுத்ததோ டெக்சஸின் ஏர்ல் தாமஸை! 49வது ஆளாக சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன மேஸ், அடுத்த ஆண்டே சின்சினாட்டிக்குக் கைமாறினார். தாமஸோ 2012 முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று முறை, அந்தந்த ஆண்டின் சிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-புரோ முதல் அணியில் இடம்பிடித்தார். இடையில் ஒரு சூப்பர் பவுல் (சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டி) வெற்றியும் கிடைத்தது.

இதை வைத்து வேகமே வேண்டாம் என்றால் அது தப்பு. தாமஸும் நல்ல ஓட்டக்காரர்தான். சியாட்டில் அவரைத் தனி ஆளாக நடு ஆழத்தில், அதாவது மற்ற தடுப்பாளர்களுக்கெல்லாம் வெகு பின்னால், நிறுத்தியது. மைதானத்தின் அகலம் 53 யார்டுக்கு மேல். அங்கிருந்து இரண்டு ஓரங்களுக்கும் போய்ச் சேர கால் வேண்டும். இரண்டு சேஃப்டிகள் பாதிப் பாதியாகக் காக்கும் அமைப்பில் இந்தப் பாரம் குறைந்துவிடும்.

சரி, கடிகாரம் காட்டும் வித்தியாசம் எவ்வளவு பெரியது? 2022 டிராஃப்டுக்கு முன் கைல் ஹாமில்டன் என்ற சேஃப்டி அதே 40 யார்டை 4.59 நொடியில் ஓடினார். முதல் சில இடங்களுக்குள் போவார் என்று பேசப்பட்டவர், 14வது இடம்வரை இறங்கி பால்டிமோர் ரேவன்ஸிடம் வந்தார். மேஸுக்கும் இவருக்கும் 0.16 நொடி இடைவெளி. தூரக் கணக்கில் சுமார் ஒன்றேகால் மீட்டர். பிளே-ஆக்‌ஷனில் (பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பதுபோல் நடித்துவிட்டு வீசும் தந்திரம்) ஏமாந்து அரை நொடி தப்பான பக்கம் சாய்ந்தால் போவது நாலு மீட்டர். ஹாமில்டன் அப்படி எளிதில் ஏமாறுகிறவர் இல்லை. பால்டிமோரும் அவரை ஆழத்திலேயே கட்டிப்போடாமல் ஆட்டம் தொடங்கும் கோட்டருகிலும், ஓர ரிசீவருக்கு உள்பக்கம் இருக்கும் ஸ்லாட்டிலும் விளையாட விட்டது. 2023இல் அவரும் ஆல்-புரோ முதல் அணி.

என் ஓட்டு கண்ணுக்கே. தனி ஆளாக ஆழத்தைக் காக்க வேண்டிய அணி மட்டும் வேகத்துக்கு ஒரு குறைந்தபட்ச வரம்பு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒவ்வொரு நூறில் ஒரு பங்கு நொடிக்கும் விலை கொடுப்பது வீண் செலவு.

அதே பால்டிமோரில் முன்பு 20ஆம் எண் சட்டையில் ஆடிய எட் ரீட், 64 இன்டர்செப்ஷன்களோடு (எதிரணி வீசிய பந்தை இடைமறித்துப் பிடிப்பது) ஓய்வு பெற்றார். எதிரணி வீடியோக்களை ஊன்றிப் பார்ப்பவர்; வேண்டுமென்றே ஒரு ரிசீவரை (பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி வீரரை) தனியே விட்டதுபோல் காட்டி, பந்து கிளம்பியதும் பாய்வார். எதிரணியில் பந்தை வீசும் நட்சத்திரமான டாம் பிரேடி தன் மணிக்கட்டுப் பட்டையிலேயே குறித்து வைத்திருந்தார்: ஒவ்வொரு முறையும் 20 எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொள்.