பழைய டைட்டானியம் மவுண்டன் பைக்கை விற்க: முழு சைக்கிளாகவா, ஃப்ரேமாகவா?

தொண்ணூறுகளில் வந்த டைட்டானியம் மவுண்டன் பைக்கை விற்பதற்கு மூன்று வழிகள் உண்டு. இருக்கிறபடியே முழு சைக்கிளாகக் கொடுத்துவிடலாம். ஃப்ரேமை மட்டும் அதற்கே உரிய சில பாகங்களோடு பிரித்து விற்கலாம். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் கழற்றி விற்கலாம். நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தவன். இன்றும் அதையே சொல்வேன். காரணம் விலை மட்டுமல்ல. வாங்குகிறவருக்கு எதைக் காட்ட முடிகிறது, எதைக் காட்ட முடியவில்லை என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எளிதான விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். முழு சைக்கிளாக விற்றால் வேலை குறைவு, ஒரே ஆளோடு பேச்சு, ஒரே பெட்டி. பாகம் பாகமாக விற்றால் கூட்டுத்தொகை பெரும்பாலும் கூடும். ஆனால் வாரக்கணக்கில் பார்சல் கட்ட வேண்டும், கடைசியில் யாரும் கேட்காத பிரேக் லீவர்களும் டயர்களும் மிஞ்சும். கடையில் கமிஷனுக்கு விட்டால் தலைவலி இல்லை, கைக்கு வருவது குறையும். உலோக விலைக்குப் போடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்: ஃப்ரேமின் எடை ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் கிலோ அளவில்தான் இருக்கும்.

முழு சைக்கிள் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு, அதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வாங்கியபோது வந்த பாகங்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தால் பிரிக்காதீர்கள். அந்தக் காலத்து சைக்கிளை அந்தக் காலத்துக் கோலத்திலேயே தேடுகிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை சிதறிய தொகுப்பை மறுபடி சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குத் தெரியும். பாகங்கள் உண்மையிலேயே ஃப்ரேமோடு வந்தவையா என்று பார்க்க ஷிமானோ பாகங்களின் தேதிக் குறியீடு உதவும். பெடல் மாட்டும் கிராங்க் கையின் பின்பக்கத்திலும் டிரெய்லரின் (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பாகம்) உட்பக்கத்திலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து ஆண்டு: 1976-க்கு 'ஏ'யில் தொடங்கி வரிசையாகப் போகிறது. இரண்டாவது எழுத்து மாதம்: ஜனவரிக்கு 'ஏ', டிசம்பருக்கு 'எல்'. 'ஆர் டி' என்றிருந்தால் 1993 ஏப்ரல். கிராங்க், டிரெய்லர், ஹப் மூன்றும் சில மாத இடைவெளிக்குள் அமைந்தால் அது நல்ல சாட்சி. ஷிமானோவின் உயர்ரக எக்ஸ்டிஆர் எம்900 தொகுதி முழுசாக இருந்தால் அந்த சைக்கிளை உடைக்க எனக்கு மனம் வராது.

ஆனால் நடைமுறையில் இப்படி இருப்பவை குறைவு. பெரும்பாலானவற்றில் சக்கரம் ஒருமுறை மாறியிருக்கும், ஃபோர்க் மாறியிருக்கும், கிராங்கில் பல் தேய்ந்திருக்கும். ராக்‌ஷாக்ஸ் ஜூடி காலத்து சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் உள்ளே ஸ்பிரிங்காக இருக்கும் எலாஸ்டோமர் (ரப்பர் போன்ற) கட்டைகள் பிசுபிசுத்தோ பொடிந்தோ போயிருக்கும். இப்படிப்பட்ட சைக்கிளை முழுதாகப் போட்டால், தேய்ந்த பாகங்களின் பெயரைச் சொல்லி ஃப்ரேமின் விலையையும் சேர்த்துக் குறைப்பார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்: விரிசல்.

டைட்டானியம் துருப்பிடிக்காது, பெயின்ட் தேவையில்லை, முப்பது வருடம் கழித்தும் புதிதாகத் தெரியும். அதனாலேயே வாங்குகிறவரின் சந்தேகம் கூடுகிறது, ஏனென்றால் கண்ணுக்குப் புதிதாகத் தெரிவதும் உள்ளே நலமாக இருப்பதும் வேறு வேறு. இந்த ஃப்ரேம்களின் குழாய்கள் பெரும்பாலும் 3 சதம் அலுமினியமும் 2.5 சதம் வனேடியமும் கலந்த உலோகம். குழாய்ச் சுவரின் கனம் பல இடங்களில் 0.9 மில்லிமீட்டர்தான். வெல்டிங் செய்யும்போது ஆர்கான் வாயுவின் காப்பு சரியாக இல்லாவிட்டால் சூடான உலோகம் ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். அந்தக் குறை அன்றே தெரியாது. வருடக்கணக்கில் ஏறி இறங்கிய பின் வெல்டின் ஓரத்தில் முடி அளவு கோடாக வெளிப்படும்.

விரிசல் கண்ட ஃப்ரேமைச் சரிசெய்ய முடியும். ஆனால் வெளியே மட்டுமல்லாமல் குழாயின் உள்ளேயும் ஆர்கானை நிரப்பி வெல்ட் செய்யத் தெரிந்தவர் வேண்டும். செலவு பல சமயம் ஃப்ரேமின் மதிப்பையே தொட்டுவிடும். 'ஆயுள் உத்தரவாதம்' என்று விற்ற தயாரிப்பாளர்கள் பலரும் அதை முதல் உரிமையாளருக்கு மட்டுமே கொடுத்தார்கள். ஆக, உங்களிடம் வாங்குகிறவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு கயிறு எதுவும் இல்லை, நீங்கள் காட்டும் படங்களைத் தவிர. கிராங்க், பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் அச்சும் பேரிங்கும்), சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் கம்பம்), கேபிள் எல்லாம் மாட்டியிருக்கும் சைக்கிளில் விரிசல் வரும் இடங்களில் பாதி மறைந்தே இருக்கும். முழு சைக்கிள் இந்த இடத்தில்தான் தோற்கிறது. கழற்றிய ஃப்ரேம் எல்லாவற்றையும் காட்டுகிறது. தெரியாத ஒன்றுக்காக வாங்குகிறவர் கழித்துக்கொள்ளும் தொகை அப்படியே உங்கள் பக்கம் திரும்புகிறது.

எங்கே பார்ப்பது? டவுன் டியூப் (முன்னிருந்து கிராங்க் பக்கம் இறங்கும் குழாய்) ஹெட் டியூபோடு (ஃபோர்க் நுழையும் முன் குழாய்) சேரும் இடத்தின் அடிப்பக்கம். சீட் டியூபின் மேல் வாய், குறிப்பாகப் பிளவின் அடிமுனை: அங்கே சிறிய துளை போட்டிருப்பதே தகைவைப் பரப்புவதற்குத்தான், சீட் போஸ்ட்டைக் குறைந்தபட்சக் குறிக்கு மேலே உயர்த்தி ஓட்டியிருந்தால் அதையும் மீறி விரிசல் கிளம்பும். பாட்டம் பிராக்கெட்டில் செயின்ஸ்டே (அங்கிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்) சேரும் வெல்டுகள். செயின்ஸ்டேயின் மறுமுனையில், பின்சக்கர அச்சு அமரும் டிராப்அவுட். பின் பிரேக் பாலம். டிஸ்க் பிரேக் தாங்கியைப் பிற்பாடு யாராவது ஒட்டவைத்திருந்தால் அதைச் சுற்றியுள்ள சீட்ஸ்டே (சீட் டியூபிலிருந்து பின்சக்கர அச்சுக்கு இறங்கும் குழாய்) முழுவதும்.

வலது செயின்ஸ்டேக்குத் தனிக் கவனம் வேண்டும். செயின் சிக்கி இழுத்த கீறல்கள் அங்கே இல்லாத ஃப்ரேம் அபூர்வம். நகம் வழுக்கிப் போனால் பரவாயில்லை. நகம் சிக்கினால் ஆழம் பாருங்கள்: 0.3 மில்லிமீட்டர் கீறல் என்பது 0.9 மில்லிமீட்டர் சுவரில் மூன்றில் ஒரு பங்கு. விரிசல் அங்கிருந்து தொடங்க வாய்ப்பு உண்டு. அதை மறைக்காமல் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள்.

சோதிக்கும் முறை இதுதான். சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போக்குங்கள். இருட்டான அறையில் டார்ச்சைக் குழாயோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் ஒவ்வொரு வெல்டையும் சுற்றிப் பாருங்கள். வெல்டின் நிறம் வெள்ளியாகவோ இளம் வைக்கோல் நிறமாகவோ இருந்தால் நல்லது. சாம்பல் வெளுப்பாகச் சுண்ணாம்பு பூத்தாற்போல் இருந்தால் அந்த வெல்டை நம்பாதீர்கள். சந்தேகமான இடத்தில் சிவப்புச் சாய ஊடுருவல் ஸ்பிரே அடித்து, பத்து இருபது நிமிடம் விட்டு, கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். கிளீனரை நேரடியாக அடித்தால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் வெளியேறிவிடும். பிறகு வெள்ளை டெவலப்பரை மெல்லிய படலமாக அடித்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். புள்ளியாகக் கசிந்தால் வெல்டில் காற்றுத்துளை. கோடாகக் கசிந்தால் விரிசல்.

ஒரு எச்சரிக்கை: இதற்கு முன் பாலிஷ் போடாதீர்கள். பிரஷ் செய்த பரப்பை ஸ்காட்ச்பிரைட் பட்டையால் தேய்த்தால் அழகாக மீளும், ஆனால் அதே தேய்ப்பு நுண்விரிசலின் ஓரத்தை மழுக்கி மறைத்துவிடும். விவரம் தெரிந்தவர் புதிதாகத் தேய்த்த வெல்டைக் கண்டால் பின்வாங்குவார். தேய்ப்பதற்கு முன் எடுத்த படங்களையும் சேர்த்தே காட்டுங்கள். பழைய ஸ்டிக்கர்களைத் தொட வேண்டாம்; கிழிந்த அசலுக்கு இருக்கும் மதிப்பு புது நகலுக்கு இல்லை.

கழற்றும்போது இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்ள நேரலாம். ஒன்று பாட்டம் பிராக்கெட். பிரிட்டிஷ் மரை என்றால் செயின் பக்கத்துக் கப் இடதுமரை, கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். கருவியை ஒரு போல்ட்டால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். வழுக்கினால் மரை நாசம். மெர்லின் என்ற தயாரிப்பாளரின் ஆரம்பகால ஃப்ரேம்களில் மரையே கிடையாது, பேரிங்கை நேராக அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அதை விளம்பரத்தில் தெளிவாகச் சொல்லாவிட்டால் பின்னால் சண்டைதான் வரும்.

இன்னொன்று சீட் போஸ்ட். அலுமினியமும் டைட்டானியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து, அந்த உப்பு பூத்து இறுகிவிடும். பலரும் ஃப்ரேமைச் சூடாக்குகிறார்கள், அது தலைகீழ் வேலை. ஒரே அளவு வெப்பத்துக்கு அலுமினியம் டைட்டானியத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் விரிகிறது, அதனால் சூடேற்றினால் இன்னும் இறுகும். குளிரவைக்க வேண்டும். 27.2 மில்லிமீட்டர் போஸ்ட்டையும் குழாயையும் 50 டிகிரி குளிர்வித்தால் நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி கிடைக்கும். கேட்கச் சின்னதாக இருந்தாலும், ஊடுருவும் எண்ணெயை மேலிருந்தும், ஃப்ரேமைக் கவிழ்த்துப் பாட்டம் பிராக்கெட் வழியாகவும் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டபின் பல சமயம் அதுவே போதும். போஸ்ட்டின் தலையை வைஸில் பிடித்து ஃப்ரேமை மெதுவாக இருபக்கமும் அசையுங்கள். வெறியோடு திருகினால் சீட் டியூப் வெல்ட் பாதிக்கும். காஸ்டிக் சோடாவால் அலுமினியத்தைக் கரைத்தெடுப்பது கடைசி வழி. ஹைட்ரஜன் வாயுவும் கடும் சூடும் கிளம்பும் என்பதால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே சரி. எதற்கும் அசையாவிட்டால் என் சிபாரிசும் மாறும்: போஸ்ட்டோடு முழு சைக்கிளாக, உள்ளதைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள்.

ஃப்ரேமோடு எவற்றைச் சேர்த்துக் கொடுப்பது? சீட் கிளாம்ப், சீட் போஸ்ட், ஹெட்செட் (ஹெட் டியூபில் ஃபோர்க் திரும்பும் பேரிங் தொகுதி), பாட்டம் பிராக்கெட், முன் டிரெய்லர். இவையெல்லாம் அந்த ஃப்ரேமின் அளவுக்கே வாங்கியவை. உங்களுக்குத் தனியாகப் பெரிய காசு தராது, வாங்குகிறவருக்கோ அலைச்சலை மிச்சப்படுத்தும். நல்ல ஹெட்செட் கப்புகளை அடித்துக் கழற்றவே வேண்டாம். சஸ்பென்ஷன் இல்லாத அசல் ஃபோர்க் இருந்தால் அதைத் தனியாக விற்காதீர்கள். அந்தக் கால ஃப்ரேம்கள் பலவற்றின் கோணம் குட்டையான ஃபோர்க்குக்கு அமைத்தது. 20 மில்லிமீட்டர் உயரமான ஃபோர்க் போட்டாலே ஹெட் கோணம் சுமார் ஒரு டிகிரி சாய்ந்துவிடும். ஹெட் டியூபுக்குள் போகும் ஃபோர்க்கின் ஸ்டீரர் குழாயின் நீளத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்), பிரேக், கிராங்க் ஆகியவற்றைத் தனியாகவே விற்கலாம்.

விளம்பரத்தில் இருக்க வேண்டிய அளவுகள்: சீட் டியூப் நீளம் (மையத்திலிருந்து மையமா, மேல் விளிம்பு வரையா என்று சொல்லி), கிடைமட்டமாக அளந்த டாப் டியூப், ஹெட் டியூப் நீளமும் விட்டமும், சீட் போஸ்ட் விட்டம், பாட்டம் பிராக்கெட் அகலம் 68 மில்லிமீட்டரா 73-ஆ, பின் டிராப்அவுட்டுகளின் இடைவெளி (அனேகமாக 135 மில்லிமீட்டர்), தராசில் வைத்த எடை. நேர்த்தன்மைக்கு நூல் சோதனை: ஒரு டிராப்அவுட்டில் தொடங்கி ஹெட் டியூபைச் சுற்றி மறு டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, சீட் டியூபிலிருந்து இருபக்க இடைவெளியையும் அளந்து எழுதுங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

பெயர்ப் பலகையை மட்டும் நம்பி தயாரிப்பாளரை அறிவிக்காதீர்கள். மெர்லின், லைட்ஸ்பீட் போன்ற பட்டறைகள் மற்ற பிராண்டுகளுக்கும் ஃப்ரேம் செய்து கொடுத்திருக்கின்றன. பாட்டம் பிராக்கெட்டின் அடியில் உள்ள வரிசை எண்ணும் டிராப்அவுட்டின் வடிவமும்தான் பேசும். எண்ணை முழுவதுமாகப் பொதுவில் போடாமல் கேட்கிறவருக்குத் தனியாகக் கொடுங்கள். விலைக்கு, விற்று முடிந்த தொகைகளைப் பாருங்கள், கேட்கும் விலைகளை அல்ல. ஏலமா நிலையான விலையா என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து இல்லை. அரிய மாடலுக்கு ஏலம் பொருந்துகிறது, மற்றவற்றுக்கு நிலையான விலையே நிதானம். இங்கே சொன்னதெல்லாம் பின் சஸ்பென்ஷன் இல்லாத ஃப்ரேமுக்குத்தான். பின்பக்கம் அசையும் டைட்டானியம் ஃப்ரேம்களுக்கு இந்த வாதத்தை நான் நீட்டமாட்டேன். அவற்றில் பிவட் புஷ்ஷும் ஷாக்கும் கிடைக்குமா என்பதே முதல் கேள்வி.

அனுப்பும் செலவிலும் ஃப்ரேமுக்கே சாதகம். விமான கூரியர்களில் பெட்டியின் அளவை வைத்து எடை போடும் வழக்கமான கணக்கு நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது. 140, 80, 20 அளவுள்ள சைக்கிள் பெட்டி 44.8 கிலோவாகக் கணக்காகும். 100, 55, 20 அளவுள்ள ஃப்ரேம் பெட்டி 22 கிலோ. கட்டும்போது பின் டிராப்அவுட்டுகளுக்கு நடுவே 135 மில்லிமீட்டர் போலி அச்சு கட்டாயம். அது இல்லாமல் பெட்டி நசுங்கினால் செயின்ஸ்டே வளையும். குழாய்களுக்கு நுரைக் குழல் சுற்றி, ஹெட் டியூபின் இரு முனைகளுக்கும் டிராப்அவுட் நுனிகளுக்கும் தடித்த அட்டை வைத்து மூடுங்கள், பெட்டியைக் கிழிப்பவை அவைதான். சீட் போஸ்ட்டையும் பாட்டம் பிராக்கெட்டையும் தனிப் பையில் போட்டுப் பெட்டியின் சுவரோடு கட்டிவையுங்கள். பெட்டிக்குள் உருண்டால் அவையே குழாயில் பள்ளம் போடும்.