ஆச்சிக்குக் கல் செய்த கடை

ஆச்சி போனது போன வருஷம் ஐப்பசி மழையில். வயது 91. அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "கல்யாணச் சாவும்மா, அழக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவள் போய்விட்டாள். 91 என்றால் எனக்கு அழுகை வராதா?

முதல் வருஷ நினைவு ஆராதனைக்குள் கல்லறைக் கல் வைத்துவிட வேண்டும் என்று நானும் அண்ணனும் பாளையங்கோட்டையில் கடை தேடினோம். முதலில் போன இடத்தில் கம்ப்யூட்டரில் நாலு டிசைன் காட்டினார்கள். எல்லாவற்றிலும் "தோற்றம், மறைவு". பத்து நிமிஷத்தில் அட்வான்ஸ் கேட்டார்கள். சரி, யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

அப்புறம் சபையில் ஒருவர் சொல்லி மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் இந்தக் கடைக்குப் போனோம். கடை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு திண்ணை, சுவரில் சாய்த்து வைத்த கருங்கல் பலகைகள். அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், நெற்றி நிறைய திருநீறு. பேரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, "நீங்க வேதக்காரங்க, மறைவுன்னு போடமாட்டீங்கள்லா? நித்திரைதானே?" என்று கேட்டார். வேதக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்கள்.

அந்தக் கேள்வியிலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். அடக்க ஆராதனையில் ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், பேசியதும் இந்த வார்த்தையைப் பற்றித்தான். 'செமிட்டரி' என்ற சொல் கிரேக்கத்தில் தூங்கும் இடம் என்பதிலிருந்து வந்தது என்றார். வேதாகமத்தில் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது அப்போஸ்தலன் பவுல் துக்கப்படவே வேண்டாம் என்று சொல்லவில்லை, "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறார் என்றார். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் இல்லையா? அன்றைக்கு அழுகையோடு அழுகையாகக் கேட்டது, இந்தத் திண்ணையில்தான் எனக்குள் இறங்கியது.

வசனத்தில்தான் இழுபறி. அண்ணன் "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" போடலாம் என்றான். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் வரிசைக்கு இரண்டு கல்லில் அது இருக்கிறது. ஆச்சியின் வேதாகமத்தில் பென்சில் கோடு போட்டிருந்தது யோபு 5:26. "தானியம் ஏற்றகாலத்திலே அம்பாரத்தில் சேருகிறதுபோல, முதிர்வயதிலே கல்லறையில் சேருவாய்." தாமிரபரணிப் பாசனத்தில் நாற்பது வருஷம் களத்துமேட்டில் நின்றவள் அவள். வேறு எதற்குக் கோடு போடுவாள்? ஆனால் அதைச் சொன்னது யோபுவின் சிநேகிதன் எலிப்பாஸ், அவன்மேல் கர்த்தருக்கே கோபம் வந்தது, அவன் பேச்சைக் கல்லில் போடலாமா என்றான் அண்ணன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அண்ணாச்சி குறுக்கே பேசவே இல்லை. ஒரு மணி நேரம் வேறொரு கல்லைக் கொத்திக்கொண்டிருந்தார், இடையில் டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் அளவுகோலை எடுத்து வந்து, இரண்டடிக்கு ஒன்றரை அடிக் கல்லில் முழு வசனம் போட்டால் எழுத்து முக்கால் இஞ்சுதான் வரும் என்று காட்டினார். "கல்லறைக்கு வாரதுல பாதிப் பேரு கண்ணாடி போட்டவங்க. ஒரு இஞ்சுக்குக் குறைஞ்சா அவங்களுக்குத் தெரியாது." அதனால் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று பெரிதாகவும், கீழே "யோபு 5:26" என்று மட்டும் சின்னதாகவும் போடுவதென்று முடிவானது. தெரிய வேண்டியவர்கள் வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

வேலை முழுக்கக் கைவேலை. தாளில் எழுதிக் கல்லில் ஒட்டிவிட்டு, உளி வைக்குமுன் நம்மைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறார். நல்லவேளை சொன்னார். "நித்திறை" என்று இருந்ததை நான் படிக்கும்போதுதான் கவனித்தேன். மெய்யெழுத்தின் புள்ளிகளைக் கடைசியில் வைக்கிறார். கூர் உளியை நேராக நிறுத்தி ஒரே தட்டு. தப்பினால் சுற்றிலும் பொரிந்துவிடுமாம். ஒவ்வொரு புள்ளிக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்.

கல்லும் வேலையும் சேர்த்து 11,000 ரூபாய். எழுத்துக் கணக்குத்தான், புள்ளிக்குக் காசு இல்லை. வண்டி வாடகையும் பதிக்கும் கூலியும் தனி, அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். பெரிய குறை தாமதம். பதினைந்து நாள் என்றவர் ஐந்து வாரம் ஆக்கினார், போன் எடுக்கவே மாட்டார். நேரில் போனால்தான் உண்டு. நினைவு ஆராதனைக்கு இரண்டு நாள் முன்பு கல் வந்து சேரும்வரை எனக்குத் தூக்கமில்லை. தங்க பெயின்ட் ஓர் இடத்தில் லேசாக வழிந்திருந்தது, சொன்னதும் வந்து சரிசெய்து கொடுத்தார்.

ஆராதனை அன்று ஆச்சியின் தங்கச்சி, எங்கள் சின்ன ஆச்சி, வந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து, பள்ளத்தில் விரல் வைத்து, "கர்த்தருக்குள்" என்று ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் படித்தாள். "நித்திரை" வந்ததும் விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். "அக்கா தூங்குதா" என்று ஒரு தடவை சொன்னாள். அழுதாள். நாங்கள் யாரும் அழக் கூடாது என்று சொல்லவில்லை.

போகிறவர்கள் காலையில் போங்கள், மத்தியானம் கொட்டகை பூட்டியிருக்கும். கல்லறைத் திருநாளுக்குக் கல் வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள். வசனம் முடிவாகவில்லை என்றாலும் பரவாயில்லை, திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். அண்ணாச்சி அவசரப்படுத்தமாட்டார்.