ஃபேஷன் போட்டோகிராபர் ஆக்குகிறோம் என்று பணம் கேட்கிறார்களா? கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

சென்னையில் வார இறுதி ஃபேஷன் போட்டோகிராபி ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கு ரூ.35,000 கட்டினேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. பெயர் மாறினாலும் வேலை இதே மாதிரிதான் நடக்கும்.

தொழில்முறை மாடலை வைத்து ஷூட், கையில் போர்ட்ஃபோலியோ, வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் என்று விளம்பரம். போய்ப் பார்த்தால் வளசரவாக்கம் பக்கம் ஒரு வாடகை ஸ்டுடியோ. இருபது பேருக்கு மேல் கூட்டம். ஒரு மாடல், ஃப்ளாஷ் லைட்டை கேமராவிலிருந்து எரிய வைக்கும் ட்ரிகர் ஒரே ஒன்று. லைட் ஏற்கெனவே வைத்தாயிற்று. வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் ஏன் இந்த உயரத்தில் என்று கேட்டால், “முதல்ல எடுங்க பாஸ், தியரி அப்புறம்” என்றார் பயிற்சியாளர். எல்லோரும் கேமராவில் எஃப் 8, 1/125, ஐஎஸ்ஓ 100 என்று ஒரே செட்டிங்கை வைத்துக்கொண்டு, ட்ரிகரை வாங்கி நாலு கிளிக் அடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். திருப்பதி தரிசனம் தான், ‘ஜரகண்டி’ மட்டும் சொல்லவில்லை.

டீ குடிக்கும்போது மாடலிடம் பேசினேன். அவர் கல்லூரி மாணவி. தன் போர்ட்ஃபோலியோவுக்காக இதே ஆட்களிடம் பணம் கட்டி வந்திருக்கிறார். மேக்கப் போட்ட பெண்ணும் அவர்களுடைய இன்னொரு கோர்ஸில் காசு கட்டிச் சேர்ந்தவர். அந்த அறையில் சம்பாதித்தது நடத்தியவர்கள் மட்டும்தான்.

இதன் விளைவு திருப்பூரில் தெரிந்தது. பத்திரிகை அட்டைப் படம் எல்லாம் சரி, நம் பக்கம் சோறு போடுவது பனியன் கம்பெனி கேட்லாக்கும் ஜவுளிக்கடை விளம்பரமும் ஆன்லைன் கடைப் படங்களும்தான். ஒரு கம்பெனியில் என் படங்களைக் காட்டினேன். அங்கிருந்த அம்மா இரண்டு படம் பார்த்ததுமே, “இதே பொண்ணு, இதே சிவப்பு கவுன், போன மாசம் வேற ஒரு தம்பி கொண்டாந்தாரே” என்றார். அவர் கேட்டதெல்லாம் வேறு: துணியின் நிறம் படத்தில் மாறாமல் வருமா, கழுத்துப் பட்டை சுருங்காமல் பின்னால் கிளிப் போடத் தெரியுமா, ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி முடிப்பீர்கள்? ஒர்க்‌ஷாப்பில் நிறம் சரியாக வருவதற்கு வைத்துப் பார்க்கும் கிரே கார்டு என்ற வார்த்தையே வரவில்லை.

அப்புறம் அந்தப் ‘பத்திரிகை’. படம் தேர்வாகிவிட்டது என்று மெயில் வந்தது. உள்பக்கத்துக்கு ரூ.6,000, அட்டைக்கு ரூ.18,000, அச்சுப் பிரதி வேண்டுமானால் அதையும் நாமே வாங்க வேண்டும். பிரபல ஃபேஷன் பத்திரிகையான வோக் இத்தாலியா 2011-ல் தொடங்கிய போட்டோவோக் என்ற புகைப்படத் தளத்திலேயே படம் அனுப்பக் காசு கிடையாது. ஊர் பேர் தெரியாத பத்திரிகைக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? நான் கொடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் நான் எடுத்த படம் அவர்கள் பக்கத்தில் பயிற்சியாளர் பெயரோடு வந்தது. கேட்டதற்கு, “எங்க லைட், எங்க மாடல், அப்ப படமும் எங்களோடது” என்றார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. படம் எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். சம்பளத்துக்கு வேலை பார்த்தாலோ, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னாலோ உரிமை அவர்களுக்குப் போகும். இங்கே காசு கொடுத்ததே நான். உரிமையை எழுதிக் கொடுப்பதாக இருந்தாலும், பிரிவு 19-ன்படி எழுத்தில், நம் கையெழுத்தோடு இருக்க வேண்டும். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கேமராவில் பதிவான அசல் கோப்பான ரா ஃபைலைக் காட்டி மெயில் அனுப்பினேன். பதில் இல்லை, படம் மட்டும் காணாமல் போனது. ரா ஃபைலை மட்டும் யார் கேட்டாலும் அழிக்காதீர்கள்.

பணம் கட்டியபோது 18% ஜிஎஸ்டி என்று ரூ.6,300 தனியாக வாங்கியிருந்தார்கள். ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. தமிழ்நாட்டு எண் 33-ல் தொடங்கும், மொத்தம் 15 எழுத்து; ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். கட்டும் முன் இதைப் பாருங்கள். ஒரு மாடலுக்கு எத்தனை பேர், மாடலுக்குச் சம்பளம் உண்டா என்பதையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னதை எல்லாம் பின்னால் மறுத்தார்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போயிருக்கிறேன். 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை; ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். புகாரைத் திரும்பப் பெற்றால் பாதிப் பணம் தருவதாகப் போன் வந்தது, மறுத்துவிட்டேன். அந்த பேட்சில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.