சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர்ல எங்க போறது: எஸ்பிளனேடா, பூமலையா, தேக்காவா, கெதாயா?

வாரக்கடைசி வந்தா நம்ம வாட்ஸ்அப் குரூப்புல யாராச்சும் ஒருத்தர் கேட்டுடுவாங்க, புள்ளைங்களை கூட்டிட்டு எங்கயாவது போகணும், மால் வேணாம், காசும் ரொம்ப கரையக்கூடாது, ஏதாச்சும் ப்ரோகிராம் இருக்கான்னு. இருக்குங்க, தேடினா வாரம் தவறாம இருக்கு. ஆனா எல்லாம் ஒரே மாதிரி இல்ல, அதான் டிக்கெட் எடுக்காம போற நாலு இடத்தை மட்டும் எடுத்து ஒண்ணோட ஒண்ணு வச்சு பார்த்துடலாம்னு உட்காந்தேன். தைப்பூசம், தீமிதி ரெண்டையும் வேணும்னேதான் விட்டுட்டேன், அது நேர்த்திக்கடன், அதை போய் 'இந்த வீக்எண்ட் என்ன ப்ரோகிராம்' லிஸ்ட்டுல சேர்க்க எனக்கு மனசு வரல.

முதல்ல எஸ்பிளனேட். 2002 அக்டோபர்ல திறந்தாங்க, டுரியான் கட்டடம்னு சொன்னா டாக்சி அங்கிள் கூட சிரிச்சுக்கிட்டே கொண்டு போய் விடுவாரு. இது பணக்காரங்க இடம், கோட்டு சூட்டு போட்டுட்டு போகணும்னு நம்ம ஆளுங்க பல பேரு இன்னும் நெனச்சுட்டு இருக்காங்க. 1,600 பேர் உட்கார்ற கான்சர்ட் ஹால், 2,000 பேர் உட்கார்ற தியேட்டர், அதுக்கெல்லாம் டிக்கெட்டுதான், சில நேரம் நல்ல விலைதான். ஆனா உள்ள நுழைஞ்ச உடனே வர்ற கன்கோர்ஸ்லயும், வெளிய தண்ணியைப் பார்த்து இருக்கிற ஓப்பன் மேடையிலயும் நடக்கிறதுல பெரும்பாலானது இலவசம், யாரும் வாசல்ல நிறுத்தி கேள்வி கேட்க மாட்டாங்க, செருப்போட போகலாம். நவம்பர் பக்கம் கலா உத்சவம்னு இந்தியக் கலைவிழா வரும்போது பரதம், கர்நாடக சங்கீதம், தபலா, ஃபியூஷன்னு நம்ம பக்கத்து ஐட்டம் நிறைய வைப்பாங்க. கன்கோர்ஸ் மேடை ரொம்ப உயரம் இல்ல, மிருதங்கக்காரரு கல்லை வச்சு தட்டித் தட்டி சுதி சேர்க்கிறதை பையன் மூக்குக்கு முன்னாடி பார்க்கலாம், சபாவுல பதினெட்டாவது வரிசையில உட்காந்து பார்க்கிறவங்களுக்கு இது கிடைக்காது. சின்னது அழ ஆரம்பிச்சா எழுந்து வெளிய போயிடலாம், யாரும் முறைக்க மாட்டாங்க. ஏசி, டாய்லெட், ஸ்ட்ரோலர் தள்ள லிஃப்ட் எல்லாம் இருக்கு. மழை பெஞ்சாலும் சிட்டி ஹால் எம்ஆர்டியில இறங்கி பூமிக்கடியில இருக்கிற சிட்டிலிங்க் வழியா நனையாம போயிடலாம், நம்ம ஊர் கிளைமேட்டுக்கு இது ரொம்ப பெரிய விஷயம். குறைன்னு சொன்னா ஒவ்வொரு செட்டும் கொஞ்ச நேரம்தான், சூடு பிடிக்கும்போது நன்றி வணக்கம் சொல்லிடுவாங்க. அப்புறம் எல்லாம் கொஞ்சம் ஓவர் நீட்டா இருக்கும், கைதட்டறது கூட ஒழுங்கா அளந்து தட்டற மாதிரி.

அடுத்து பூமலை, அதாவது பொட்டானிக் கார்டன்ஸ். 1859ல ஆரம்பிச்ச தோட்டம், 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. நடுவுல ஏரி மேல ஒரு மேடை, அங்க சிங்கப்பூர் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா அப்பப்ப இலவசமா வாசிப்பாங்க, புல்லுல பாய் விரிச்சு, புளிசாதம் உருளைக்கிழங்கு வறுவல்னு கட்டிட்டு போய் உட்காந்தா சொர்க்கம்தான், ஆனா மழை வந்தா எல்லாம் காலி. வானம் இருட்டினாலே மனசு அடிச்சுக்கும், வருஷக் கடைசியில பருவமழை நேரத்துல பிளான் பண்ணவே பண்ணாதீங்க. பொட்டானிக் கார்டன்ஸ் ஸ்டேஷன்ல இறங்கினாலும் சரி நேப்பியர் ஸ்டேஷன்ல இறங்கினாலும் சரி மேடை வரைக்கும் நல்ல நடை இருக்கு, முட்டிவலி உள்ள மாமியாரை கூட்டிட்டு போறவங்க யோசிச்சுக்கோங்க. எஸ்பிளனேட் கூட வச்சு பார்த்தா இதுல சாப்பாடு நம்ம கையில, அது ஒண்ணுதான் ப்ளஸ். கொசு மருந்து மறக்காதீங்க.

தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, பத்தி எழுதும்போதுதான் கை கொஞ்சம் நடுங்குது, ஏன்னா எதாச்சும் சொன்னா நம்மாளுங்களே சண்டைக்கு வருவாங்க. தீபாவளி லைட்டுக்கு சிராங்கூன் ரோட்டுல நடக்கிறது, பொங்கலுக்கு கேம்பல் லேன்ல பானை, கரும்பு, மஞ்சக்கொத்து வாங்கறது, மாடு கொண்டு வந்து கட்டியிருக்கிறதை பார்க்க சீனப் புள்ளைங்களும் மலாய்ப் புள்ளைங்களும் வரிசையில நிக்கிறது, இதெல்லாம் வேற எங்கயும் கிடைக்காது. இங்கயே பொறந்து வளர்ந்த புள்ளைங்க பல பேரு மாட்டை கிட்டப் போய் பார்க்கிறது அந்த ஒரு வாரத்துலதான். சீசன்ல தேக்காவை அடிச்சுக்க ஆள் இல்ல. சீசன் முடிஞ்சா? மளிகை வாங்கிட்டு, தோசை சாப்பிட்டுட்டு, பூ வாங்கிட்டு வீட்டுக்கு வர்றதுதான், அதை கலைநிகழ்ச்சின்னு சொல்ல முடியாதுல்ல. சீசன் இல்லாதப்போ எனக்கு தெரிஞ்சு ஒரே நல்ல ஆப்ஷன் கேம்பல் லேன் முனையில 2015ல திறந்த இந்திய மரபுடைமை நிலையம், சிங்கப்பூரரும் பிஆரும் (நிரந்தரவாசிங்க) நிரந்தரக் கண்காட்சியை இலவசமா பார்க்கலாம், திங்கள்கிழமை லீவு. உள்ள ஒரு செட்டிநாட்டு நிலைவாசல் வச்சிருக்காங்க, 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில செஞ்சது, 5,000க்கு மேல குட்டிக் குட்டி செதுக்கல், நிலைக்காலுல கண்ணை ஒட்டி வச்சு பார்த்தா விரல் நகம் அளவுக்கு சாமி உருவம் தெரியும். அது முன்னாடி கொஞ்ச நேரம் நிக்காம ரெண்டு செல்ஃபி எடுத்துட்டு அடுத்த மாடிக்கு ஓடுறவங்களைப் பார்த்தா எனக்கு கோவம் வரும். சாயங்கால ப்ரோகிராம்னு இதை கணக்குல சேர்க்காதீங்க, கடைசி நுழைவு நேரம் பார்த்துட்டு முன்னாடியே போங்க.

இப்ப கெதாய், அதாவது சீனர்களோட திறந்தவெளி மேடைக் கச்சேரி. இதுக்குத்தான் இவ்ளோ நேரம் காத்துட்டு இருந்தேன். சீனர்களோட ஏழாவது மாசம், அதாவது ஆகஸ்ட் செப்டம்பர் பக்கம், அடுக்குமாடி புளோக்குக்கு பக்கத்துல இருக்கிற திடல்லயோ கார்பார்க்லயோ திடீர்னு மேடை முளைக்கும். பின்னாடி பெரிய எல்இடி ஸ்கிரீன், ஜிகினா டிரஸ், தலையில இறகு, ஹொக்கியன்ங்கிற சீனக் கிளைமொழியில பாட்டு, நடுவுல ஜோக்கு. நம்ம ஆளுங்க சத்தம் தாங்கலன்னு ஜன்னலை சாத்திட்டு உள்ள உட்காந்திருப்பாங்க, நம்ம ஊர்ல கோயில் திருவிழாவுக்கு விடிய விடிய கச்சேரி கேட்ட அதே ஆளுங்க! இறங்கிப் போய் பாருங்க. பிளாஸ்டிக் நாற்காலி, காசு கிடையாது, யாரு வேணா உட்காரலாம், முன்வரிசை மட்டும் காலியா இருக்கும், நல்ல சீட்டா இருக்கேன்னு போய் உட்காந்துடாதீங்க, அது அந்த மாசம் வெளிய வர்ற ஆவிங்களுக்கு ஒதுக்கினது. அதை புள்ளைங்களுக்கு சொன்னா போதும், ராத்திரி முழுக்க அந்த நாற்காலியையே பார்த்துட்டு இருப்பாங்க. பாட்டு புரியலையேன்னு கவலையே படாதீங்க, பாடறவங்க ஒரே ராத்திரியில ரெண்டு மூணு மேடை ஏறி இறங்கறவங்க, மூச்சு வாங்க வந்து நின்னு முதல் வரியிலயே கூட்டத்தை கையில எடுத்துடுவாங்க, எதிர்ல உட்காந்திருக்கிற ஆச்சிமார் சிவப்பு கவரை நீட்டுவாங்க. சில இடத்துல விருந்தும் ஏலமும் சேர்ந்து நடக்கும், தங்கக் காகிதம் சுத்தின கரிக்கட்டைக்கு ஆயிரக்கணக்குல ஏலம் கேட்பாங்க, அது அதிர்ஷ்டமாம், காசை பொதுவா அடுத்த வருஷம்தான் கட்டுவாங்க. ராத்திரி பத்தரைக்கு மைக்கை அணைச்சுடுவாங்க. குறை இருக்கு, இல்லன்னு சொல்லல, காகிதம் எரிக்கிற புகை இருக்கும், ஆஸ்துமா உள்ள புள்ளைங்களுக்கு ஒத்துக்காது, டாய்லெட்டுக்கு கோப்பிக்கடைக்குத்தான் ஓடணும், எந்த திடல்ல எப்ப நடக்குதுன்னு பக்கத்து வீட்டு அங்கிளைத்தான் கேட்கணும்.

என்னைக் கேட்டா உயிரோட்டத்துல கெதாய்க்கு பக்கத்துல எதுவும் வராது, எஸ்பிளனேட் ஒலி சுத்தத்துலயும் வசதியிலயும் ரொம்ப முன்னாடி நிக்குது, ஆனா அங்க நாம விருந்தாளி மாதிரி உட்காந்திருப்போம், கெதாய்ல மொழி தெரியாட்டியும் பக்கத்து சீட்டு பாட்டி நம்ம புள்ளை கையில மிட்டாய் திணிச்சுடுவாங்க. கைக்குழந்தையும் வயசானவங்களும் சேர்ந்து வர்ற குடும்பம்னா மட்டும் யோசிக்காம எஸ்பிளனேட், வருஷம் பூரா நம்பி கிளம்பலாம்.

டிக்கெட் வாங்கி பார்க்கத் தயார்னா கதை வேற. 1987ல இருந்து ஓடற ரவீந்திரன் டிராமா குரூப், அப்புறம் அவாண்ட், அகம் மாதிரி குழுக்கள் போடற தமிழ் நாடகம் இருக்கு, ஏப்ரல் தமிழ்மொழி விழா நேரத்துல போட்டி போட்டுட்டு நிகழ்ச்சி வரும். நமக்கு டிக்கெட் விலை கையைக் கடிக்குதுன்னு இனிமே சொல்ல முடியாது, 2025ல 18 வயசு ஆன, அதுக்கு மேல உள்ள சிங்கப்பூரருக்கு எல்லாம் கலை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு கல்ச்சர் பாஸ்னு 100 வெள்ளி குடுத்திருக்காங்க, 2028 டிசம்பர் 31 வரைக்கும் செல்லும், பிஆருக்கு கிடையாது, அது தனி வயித்தெரிச்சல். வீட்டுல ரெண்டு பேரும் சிங்கப்பூரர்னா 200 வெள்ளி சும்மா கிடக்குது, சிங்பாஸ் (அரசாங்க டிஜிட்டல் அடையாளம்) வச்சு உள்ள போய் எவ்ளோ மிச்சம்னு இன்னிக்கே பாருங்க.