எத்தனால் கலக்காத பெட்ரோல்: பழைய பைக்கில் ஆறு வருடம்

என் பைக் 1980களின் கார்புரேட்டர் வண்டி; அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்ப கார்புரேட்டர் என்ற பாகம் உள்ள வண்டி. வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டினாலே அதிகம். சில சமயம் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். ஆறு வருடமாக இதற்கு எத்தனால் கலக்காத பெட்ரோல்தான்.

மாறியதற்குக் காரணம் ஒரு மழைக்காலம். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலோடு மூன்று மாதம் நிறுத்தியிருந்தேன். அப்புறம் எடுக்கப் போனால், உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் கலங்கிய நீர், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, அடைத்துப்போன பைலட் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் போகும் சின்னத் துளை). ரப்பர் குழாயும் ஊதி, பிசுபிசுத்துக் கிடந்தது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. பெட்ரோலில் சுமார் அரை சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே போதும், எத்தனால் அந்தத் தண்ணீரோடு கூட்டு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடிக்கு இறங்கிவிடும். கார்புரேட்டருக்கு முதலில் போவதும் அந்த அடி மண்டிதான். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும், அதாவது இன்ஜினில் தட்டல் வராமல் தாங்கும் திறனும், குறைந்திருக்கும்.

மைலேஜ் கூடுமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் உண்டு. அந்தக் கணக்கில் 10 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 3 சதவீதம் மைலேஜ் அடிபடும். டயரில் காற்று நன்றாகக் குறைந்தாலே அந்த அளவு போய்விடலாம்! இழுவையும் கூடியதாகச் சொல்ல மாட்டேன். தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான்: இன்ஜின் சூடாகும்வரை இருந்த திணறல் நின்றது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் காற்று–பெட்ரோல் கலவை மெலிந்துவிடும். சென்சார் வைத்த புது வண்டி அதைத் தானே சரிசெய்துகொள்ளும்; கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது.

கிடைப்பதுதான் தலைவலி. விலையும் கூடுதல். படகுகளுக்கு எரிபொருள் ஊற்றும் இடங்களில் விசாரித்துப் பார்க்கலாம். பிரீமியம் என்று போட்டிருந்தால் எத்தனால் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். ஆக்டேன் வேறு, எத்தனால் வேறு. சந்தேகம் வந்தால் நான் அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர் விட்டு, 100 வரை பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வைப்பேன். தெளிந்ததும் கீழ் அடுக்கு 10-லேயே நின்றால் சுத்தம். 18, 19 என்று ஏறினால் கலப்பு. நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிறு விமானங்களின் பெட்ரோலைச் சிலர் ஊற்றுகிறார்கள். அதில் பெரும்பாலும் ஈயம் இருப்பதால் நான் தொடுவதில்லை.

தினமும் ஓடும் வண்டியாக இருந்தால் நானே இவ்வளவு அலைய மாட்டேன். எத்தனால் தாங்கும் குழாய், வாஷர்களை மாற்றிவிட்டுக் கலந்ததையே ஊற்றுவேன். டேங்கில் ஈரம் சேர நேரமிருக்காது. நிற்கும் வண்டிக்குத்தான் இந்தச் செலவு.

அதற்காக எத்தனால் கலக்காத பெட்ரோல் கெடவே கெடாது என்றும் இல்லை. ஒருமுறை எட்டு மாதம் விட்டுவிட்டேன். மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை. சரி என்று முழுவதையும் வடித்துவிட்டேன். ஆனால் இந்த முறை கிண்ணத்தில் வெள்ளைப் பொடி இல்லை.