கேத் லேபில் லெட் ஏப்ரன்: பல வருஷம் போட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

எக்ஸ்ரே உதவியோடு இதய ரத்தக்குழாய்களைச் சோதித்துச் சிகிச்சை தரும் கேத் லேபில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். லெட் ஏப்ரன் என்பது அந்தக் கதிரைத் தடுக்க நாங்கள் அணியும் ஈய அங்கி. முன்பக்கத்தை மட்டும் மூடும் பழைய ஏப்ரனில் தொடங்கி, மேல்சட்டையும் பாவாடையுமாகத் தனித்தனியே வரும் இரண்டு துண்டு ஏப்ரனுக்கு மாறிப் பல வருஷம் ஆகிவிட்டது. புதிதாக வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் எடையைத்தான் கேட்கிறார்கள். உடம்புக்குப் பொருந்தும் அளவை முதலில் பாருங்கள் என்பேன்.

இரண்டு துண்டு ஏப்ரன் பலவற்றில் ஒரு மடலின் (முன்னால் மடித்து மூடும் பகுதி) தடுப்பு 0.25 மி.மீ. ஈயத்துக்குச் சமம், அவ்வளவுதான். முன்னால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில்தான் அது 0.5 ஆகிறது. சின்ன அளவை இழுத்துக் கட்டினால் மடல்கள் சரியாக ஏறாது. லேபிளில் 0.5 என்று இருக்கும், வயிற்றுக்கு நேரே இருப்பதோ 0.25. கை நுழையும் இடம் அகலமாக இருந்தால் அக்குள் ஓரமாக மார்பின் பக்கவாட்டு திறந்து கிடக்கும். பெண் ஊழியர்கள் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. வாங்கும் முன் போட்டு, கையைத் தூக்கி, கண்ணாடியில் பாருங்கள்.

எடை விஷயத்தில் இரண்டு துண்டு நிஜமாகவே நிம்மதி. பாவாடையின் பாரம் இடுப்புக்குப் போய்விடுவதால், நீளமான ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்தபின் தோள் பிடித்துக்கொள்வது வெகுவாகக் குறைந்தது. பிஸ்மத், ஆன்டிமனி கலந்த ஈயமில்லாத ரகம் இன்னும் லேசு. ஆனால் அதன் தடுப்பு கேவி-க்கு (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்) ஏற்ப மாறும். எந்த கேவி-யில் சோதித்தது என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஏப்ரனைக் கெடுப்பது கதிர்வீச்சு அல்ல, மடிப்பு. முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் மாட்டி வைக்க ஸ்டாண்டு கேட்டுக் கேட்டு அலுத்துப்போனோம். எல்லாம் நாற்காலி முதுகில்தான் கிடக்கும். வெளியே புதுசு போலிருந்த ஒரு ஏப்ரனை ஃப்ளோரோவில் (எக்ஸ்ரே படத்தைத் திரையில் நேரடியாகக் காட்டுவது) வைத்துப் பார்த்தால், கறுப்புக்கு நடுவே இடுப்பு மடிப்பு நெடுக வெளிச்சக் கோடு. அத்தனையும் விரிசல். அதைப் போட்டுக்கொண்டுதான் ஆட்கள் தினமும் நின்றார்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது இப்படிப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்கும்போது ஆட்டோ மோடு வேண்டாம். ஈயத்தைத் துளைக்க மெஷின் தானாகவே வெளியீட்டை ஏற்றிவிடும்.

அப்புறம் டி.எல்.டி. பேட்ஜ், அதாவது நம் மேல் பட்ட கதிரை அளக்கும் பேட்ஜ். ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில். அதில் இருக்கும் வில்லைகள் கதிரின் ஆற்றலைச் சேர்த்து வைத்து, ஆய்வகத்தில் சூடாக்கும்போது ஒளியாக விடும். அந்த ஒளியை வைத்துத்தான் கதிர் அளவைக் கணக்கிடுவார்கள். அதனால் அந்த நேரத்தில் எச்சரிக்காது, மூன்று மாதம் கழித்துத்தான் கணக்குச் சொல்லும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்து வருஷ சராசரியில் ஆண்டுக்கு 20 மிலிசீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிர் அளவின் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30-க்கு மேல் போகக் கூடாது. பேட்ஜோடு ஏப்ரனை லேபிலேயே மாட்டிவிட்டுப் போனால், நம் மேல் படாததும் நம் கணக்கில் ஏறும். அதைவிட மோசம், ரீடிங் ஏறினால் கேள்வி வரும் என்று பேட்ஜைக் கழற்றி வைப்பது.

நம் மேல் படும் கதிரில் பெரும்பகுதி நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வருவது. வேலை இல்லாதபோது ஓரடி பின்னால் நின்றாலே நல்ல வித்தியாசம் தெரியும். ஃப்ளோரோவை விநாடிக்கு 15 பல்ஸிலிருந்து (கதிர்த் துடிப்பு) 7.5-க்கு இறக்கினால் கதிர் அளவு ஏறத்தாழ பாதியாகும். டாக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

ஏப்ரன் எட்டாத இடம் கண். கண்வில்லைக்கான வரம்பை 2011-ல் சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் ஆண்டுக்கு 150-லிருந்து 20 மிலிசீவெர்ட்டாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. கண்புரை அவ்வளவு குறைந்த அளவிலேயே வரக்கூடும் என்பதுதான் காரணம். நாம் மானிட்டரைப் பார்த்துத் தலையைத் திருப்பி நிற்பதால், கதிர் பக்கவாட்டிலும் கீழிருந்தும் வரும். எனவே பக்கத் தடுப்பு உள்ள, கன்னத்தை ஒட்டி உட்காரும் லெட் கண்ணாடியே உதவும். பின்னால் பட்டை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். வியர்வையில் வழுக்கும், கையுறையோடு சரிசெய்யவும் முடியாது.